இரசிகனின் பெயர்

பத்திரிகையில் தன் பெயரைக் கண்டு பூரிப்பவனை நகைப்பது எளிது. பெயருக்கு அலைபவன் என்று ஒரே சொல்லில் அவனை முடித்துவிடலாம். ஆனால், உழைத்த காசில் சீட்டு வாங்கி, தொண்டை கட்டும்வரை கூவி ஆர்ப்பரித்த உதைபந்தாட்ட இரசிகன் ஒருவன், மறுநாள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் தன் பெயரைக் கண்டு, அத்துண்டைக் கத்தரித்து மடித்து வைத்துக்கொள்கிறான் எனின், அவன் மகிழ்ச்சியை அற்பமென்று தள்ள நம்மால் இயலவில்லை.

நாம் வாழும் கொலன்னாவை பத்திரிகைகளுக்குப் புதிய ஊரன்று. எண்ணெய்த் தாங்கிகளும் வெள்ளமும் அதன் பெயரை அவ்வப்போது அச்சேற்றியுள்ளன. 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் சிலரின் பெயர்களையும் அப்போது வாசித்தோம். உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் 'பாதிக்கப்பட்டோர்' என்னும் தொகையில் ஓர் எண் மட்டுமே. இத்தகைய ஊரவன் ஒருவன் துயரத்தின் பொருட்டன்றி, மகிழ்ச்சியின் பொருட்டு அச்சேறுவது சிறு செய்தியா? வகுப்பில் நாள்தோறும் இடாப்பு வாசிக்கும் நாம், தன் பெயர் பிழையின்றி ஒலிக்கும்போது கடைசி வாங்கிலிருப்பவன் நிமிர்வதைக் கண்டிருக்கிறோம். எண்ணப்படுவது வேறு, பெயர் சொல்லி அழைக்கப்படுவது வேறு.

புகழைத் தமிழ் மரபு இழிவாகக் கருதவில்லை. வள்ளுவர் இல்லறவியலில் ஈகையை அடுத்துப் புகழை வைத்தார். புகழ் பெரும்பாலும் ஈதலால் வருவதாகலின் இவ்வாறு வைக்கப்பட்டது என்பது பரிமேலழகர் கண்ட காரணம். இரசிகன் எதை ஈந்தான் என்று கேட்கலாம். ஒரு நாட் கூலியை ஈந்தான். மழையில் நனைந்த மாலைகளை ஈந்தான். தோற்ற அணிக்குத் தன் குரலை ஈந்தான். வென்ற அணிக்குக் குரல் கொடுப்பது ஈகையாகாது என்பது நம் தனிக் கருத்து.

பிரேசில் நாட்டுத் தாய் சில்வியா கிரெக்கோ, பார்வையற்ற தம் மகனுக்கு மைதானத்திலிருந்தே ஆட்டத்தை வாய்மொழியாக விவரித்து வந்தார். தொலைக்காட்சி தற்செயலாக அதைக் காட்டியது. 2019 இல் அவருக்குச் சிறந்த இரசிகர் விருதை வழங்கியது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா. அவர் பெயரை நாடிப் போகவில்லை. பெயர் அவரைத் தேடி வந்தது. நம் நாட்டிலோ, தேசியக் கொடியுடன் பல பத்தாண்டுகள் கிரிக்கெட் மைதானங்களில் நின்ற பேர்சி அபேசேகர 2023 ஒக்டோபரில் காலமானபோது நாடே அவரை அறிந்திருந்தது. உதைபந்தாட்ட இரசிகருள் அத்தகைய பெயர் ஒன்றைச் சொல்லுமாறு கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம்.

நம் ஐயம் பத்திரிகையின் மேலேயே எழுகிறது. அதற்கு வேண்டியது பெரும்பாலும் இரசிகனின் சாயம் பூசிய முகமும் கொடியும் கூச்சலும், அவன் கருத்தன்று. 2023 சனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்டு மாதம்வரை அத்தடை நீடித்தது. நிர்வாகத்தின் சீர்கேட்டுக்கு விலை கொடுத்தவர்கள் வீரர்களும் இரசிகர்களுமே. முகத்தைப் படம்பிடிக்கும் கை, அந்நாட்களில் அவனிடம் சென்று, 'சம்மேளனத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டிருக்குமாயின், பெயர் போட்டதற்குப் பொருள் இருந்திருக்கும். அலங்காரமாக நிறுத்தப்பட்டவன் அதை உணராது மகிழ்கிறானே என்ற வருத்தம் நமக்குண்டு. எனினும் அக்குற்றம் மகிழ்பவனுடையதன்று.

இன்னுமொன்று. அவன் தன் பெயரை மட்டும் போற்றுபவனல்லன். 1995 இல் கொழும்பில் இந்தியாவை 1-0 என வென்று இலங்கை தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்ற கதையை அவன் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். கொட்டாஞ்சேனையின் இரத்தினம், றினௌன் போன்ற கழகங்கள் ஆடும் ஆட்டங்களுக்குப் பத்திரிகையில் சில வரிகளே கிடைக்கின்றன; பலவேளை கோல் கணக்கோடு செய்தி முடிந்துவிடும். அவனைக் கேட்டுப் பாருங்கள்: பதினொருவர் பெயரையும் மூச்சுவிடாமற் சொல்வான், வெளியே வாங்கில் அமர்ந்திருந்த மாற்று வீரனின் பெயரையும் சேர்த்தே சொல்வான்.