இரண்டு வீட்டு ஒலி

எங்கள் தெருவில் இரவு பத்தரைக்கு மேல்தான் சத்தங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகித் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும். பகல் முழுக்க எல்லாம் ஒரே குழம்பு.

முதலில் தறிகுடோன், நாலு வீடு தள்ளி. அங்கே ஓடும் தறிகள் ஒத்து அடிப்பதில்லை. ஒன்றின் நாடா முந்தும், இன்னொன்றின் நாடா பிந்தும். எப்போதாவது எல்லாம் சேர்ந்து ஒரே அடியாய் விழுந்து, உடனே கலைந்துவிடும். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தால் அது வராது. அதற்கு அப்பால் நிட்டிங் கம்பெனி. 30 இஞ்ச் சிலிண்டரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் ஏறி இறங்க, மெஷின் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் தாளம் கிடையாது, ஒரே சுருதி. தறி மிருதங்கம் என்றால் இது தம்புரா. எல்லாவற்றுக்கும் அடியில், ஊருக்கு வெளியே, சேலம்–கொச்சி நெடுஞ்சாலை. ராத்திரியில் அது தூரத்து வாய்க்காலாகக் கேட்கும்.

இந்த ஊர்க்காரர்கள் இந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்கள். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் விழிப்பு வரும். அம்மா அப்படி எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு, ஏன் நின்னு போச்சு?" என்று இருட்டைக் கேட்பாள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் பொங்கலுக்கு வந்தபோது, ஹெட்போனை என் காதில் மாட்டி, "மாமா, இதைக் கேளுங்க. ஒண்ணும் நடக்காது. ஆனாக் கேளுங்க" என்றான். பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட, விமான நிலையங்களுக்கான இசை அது. அதில் ஒரு பகுதிக்கு, ஒவ்வொரு குரலையும் தனித்தனி ஒலிநாடாவில் பதிந்து, நாடாவை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டிருக்கிறார். ஒரு குரல் 23½ நொடிக்கு ஒருமுறை திரும்பும். இன்னொன்று 26 நொடிக்குக் கொஞ்சம் முன்பு, மற்றொன்று 30 நொடியை ஒட்டி. அவை ஒன்றாகச் சேரும் இடம் லேசில் வராது. பத்து நிமிஷம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரிடமும் நாடா, தறியிலும் நாடா. அவர் 'ஆம்பியன்ட்' என்று பேர் வைத்ததை எங்கள் தெரு கரண்ட் பில் கட்டி ராத்திரி தோறும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் நகரத்து இரவையே வாத்தியமாக்கினார்கள். பரியல் என்ற பேரில் இசைக்கும் லண்டன்காரரின் 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மழையும், தேய்ந்த இசைத்தட்டின் பொரிச்சலும் கேட்கும். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு நெருக்கமாகப் பட்டது வேறொரு கதை.

அகமதாபாத்தின் காலிகோ மில் குடும்பத்தில் பிறந்தவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளருக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்து, அவரிடம் மேலை இசை படித்தார். இசை எதற்காக என்று கேஜ் கேட்க, கீதா தன் குரு சொன்னதைச் சொன்னார்: மனத்தை அடங்கவைத்து, தெய்வம் தொடும் பதத்தில் அதை வைப்பதற்கு. 'பதம்' மட்டும் நான் போட்ட சொல். பாவுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு சொல் வரவில்லை. அதே அகமதாபாத்தில், சாராபாய்கள் முன்நின்று உருவாக்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். கீதாவும் வேறு சிலரும் அதில் செய்து பார்த்த ஒலிகள் அரை நூற்றாண்டு அலமாரியில் கிடந்து 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. இந்தியாவின் முதல் மின்னணு இசை முயற்சிகளில் ஒன்று பஞ்சும் நூலும் பறக்கும் ஊரில் பிறந்ததில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கேஜ் பிறகு ஹார்வர்டில், ஓசையே புகாத அறையொன்றுக்குள் போய் உட்கார்ந்தார். அங்கும் இரண்டு ஒலி கேட்டது. கீழ்ச்சுருதி உங்கள் ரத்த ஓட்டம், மேல்சுருதி நரம்பு மண்டலம் என்று அங்கிருந்த பொறியாளர் விளக்கினாராம். நரம்புக்குச் சத்தம் உண்டா என்ற வாதம் இருக்கட்டும். திருமூலரும் உள்ளே வண்டின் ரீங்காரம், கடலிரைச்சல், சங்கொலி எல்லாம் கேட்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார். வெளியே எல்லாம் அடங்கினால் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரியும். விநாசம் இல்லாதது அவிநாசி. எங்கள் ஊரின் இந்தப் பேரை நான் அந்த ஒலிக்கும் வைத்துப் பார்த்ததுண்டு.

ஆனால் அதைச் சொல்லும்போதே ஒரு கூச்சமும் வருகிறது. உள்ளொலியைப் பற்றிப் பேச வசதியான ஜன்னல் வேண்டும். எனக்கு அது இருக்கிறது.

இந்த ஊருக்குச் சுந்தரர் வந்த கதையில் முதலில் வருவது காதுதான். புக்கொளியூர் என்று அன்று பேர் பெற்றிருந்த இதன் வீதியில் நடக்கிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் குளிக்கப் போனதில் ஒருவனை முதலை விழுங்கியது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். அதைக் கேட்டுத்தான் எதிர் வீட்டில் அழுகை. பதிகம் பாடியதும் முதலை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்ததும் எல்லோருக்கும் தெரியும். நான் நின்றுவிடும் இடம் அதற்கு முன்னால். விசேஷ வீட்டுச் சத்தம் பெரிதாக இருந்திருக்கும், தெருவையே நிறைத்திருக்கும். அதற்குள் இந்த மெல்லிய ஒலி எப்படி அவருக்கு எட்டியது? அவரைக் கண்டதும் பெற்றோர் துக்கத்தை மறைத்து, முகம் மலர்ந்து வந்து வணங்கினார்களாம். அப்படியும் அவர் பிள்ளையை இழந்தவர்கள் நீங்கள்தானா என்றுதான் கேட்டார்.

2020 பிப்ரவரி 20, விடிவதற்கு முன்பு, நான் வாய்க்கால் என்று சொல்கிற அதே நெடுஞ்சாலையில் கேரளப் பேருந்தும் கண்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் போனார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அதிலிருந்து ராத்திரி கேட்கும் விதம் கொஞ்சம் மாறிவிட்டது. கோயிலில் அர்த்தசாம மணி அடித்து, அவிநாசியப்பருக்கும் கருணாம்பிகைக்கும் நடை சாத்திய பிறகு மொட்டை மாடியில் உட்காருகிறேன். எல்லாம் சேர்ந்து இசையாவதை நான் இப்போது தேடுவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். இது எந்தக் குடோன்? இந்தத் தறியில் ஏதோ தட்டுகிறது. இந்த ஆம்புலன்ஸ் கோயமுத்தூர்ப் பக்கம் போகிறதா, வருகிறதா? ஏதோ ஒரு வீட்டில் குழந்தை அழுது நிற்கிறது. சில நாள் அரை மணி நேரம் கழித்து மனம் தானாகவே தணிகிறது. சில நாள் தணிவதில்லை.

காலையில் ஷிப்ட் மாறும்போது தறி ஓட்டும் அண்ணன் டீக்கடைக்கு வருவார். இருபது வருஷமாக ராத்திரித் தறி. காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெரு முனை வரை கேட்கும்படி டீ சொல்வார். புதிதாக வந்தவர்கள் சண்டை போடுகிறார் என்று நினைப்பார்கள்.

"நேத்து ராத்திரி ரெண்டாவது தறி தட்டுச்சுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"என்னுங்க?"

டீயை பெஞ்சில் வைத்துவிட்டு, எழுந்து அவருடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அந்தக் காது கொஞ்சம் கேட்கும். மறுபடி கேட்டேன்.