உடலின் முதற்காவலும் மார்க்கத்தின் சலுகையும்



பால் கறந்தவுடன் பசுவைப் படுக்கவிடாமல், அதன் முன் தீவனம் வைத்துச் சற்று நேரம் நிற்கச் செய்வது நல்லதென்பதை மாடு வளர்ப்போர் அறிவார்கள். காரணம் என்ன? கறவை முடிந்ததும் காம்பின் நுனித் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி நேரத்திற்கும் மேலாகத் திறந்திருக்கும். அந்நேரம் பசு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் கிருமிகள் உள்ளே புகுந்து மடிநோய் கண்டுவிடும். மற்ற வேளைகளில் மெழுகு போன்றதோர் அடைப்பு அத்துவாரத்தைக் காத்து நிற்கிறது. வாயில் திறந்திருக்கும்போது காவலைக் கூட்டுவதுதானே அறிவுடைமை!

வாயில்லாப் பிராணிக்கு இத்தகைய காவலை வைத்த அல்லாஹ் தஆலா, மனிதனின் உடலையும் காவலின்றி விட்டுவிடவில்லை. ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள தோல் நம்மைப் போர்த்தியிருக்கிறது. அதன் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அது நாள்தோறும் உதிர, கீழிருந்து புதியது எழுகிறது. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோலின் மேல் இலேசான அமிலத்தன்மையை உண்டாக்கிப் பல கிருமிகளைத் தடுக்கின்றன. மூச்சுக் குழாயில் சளி தூசியைப் பிடிக்கிறது. நுண்ணிய மயிரிழைகள் அதனை மேலே தள்ளுகின்றன. வயிற்றின் அமிலமோ உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அழித்துவிடுகிறது. கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் கிருமியைக் கரைக்கும் ‘லைசோசைம்’ என்ற பொருள் உண்டென அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி 1922-ல் வெளியிட்டார். நாம் அருவருப்புடன் துடைத்தெறியும் சளிக்குள்ளும் இறைவனின் அருள் இருக்கிறதன்றோ!

ஆனால் தோல் கிழிந்துவிட்டால்? கோட்டையின் வாயில் திறந்துவிட்டது என்று பொருள். நீரிழிவு நோயாளிக்கு இது இன்னும் ஆபத்தானது. காலில் உணர்ச்சி மங்கியிருப்பதால் புண் வலிப்பதில்லை. இரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் எளிதில் ஆறுவதுமில்லை.

எமது மஹல்லாவில் ஒரு பெரியவர் இருந்தார். ஐவேளையும் ஜமாஅத்தைத் தவறவிடாதவர். நீரிழிவால் காலில் புண் வந்து மருத்துவர் கட்டுப் போட்டிருந்தார். கட்டோடு செய்யும் ஒளூ கூடாதென யாரோ சொல்ல, அவர் ஒவ்வொரு வக்திலும் கட்டை அவிழ்த்து, பலரும் கழுவும் ஹவுள் தண்ணீரில் அக்காலைக் கழுவிவந்தார். புண் அழுகி, ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் கட்டை அவிழ்ப்பதை நாமும் ஹவுளின் கரையிலிருந்து கண்டோம். பேணுதலான மனிதர் என்று வியந்தோமே தவிர, ஒரு வார்த்தை கேட்டோமில்லை. அந்த மௌனத்திற்காக இன்றும் அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடுகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பயணத்திலிருந்த ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயமேற்பட்டது. பின்னர் அவர் மீது குளிப்புக் கடமையானது. உடனிருந்தோர் சலுகை இல்லை என்றனர்; அவர் குளித்தார், மரணமடைந்தார். இதனைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அவர்களே எனக் கடிந்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது.

எனவே சட்டத்தை அறிந்துகொள்வோம். கட்டை அவிழ்ப்பதோ நீர் படுவதோ தீங்கு தருமெனில், காயமில்லாத பாகத்தைக் கழுவிக் கட்டின் மீது மஸ்ஹு செய்வது ஹனஃபி மத்ஹபின் வழி. ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்முமும் செய்யவேண்டும். நீர் தீங்கு தருமா என்பதை நம்பகமான மருத்துவரிடமும், தொழுகையின் சட்டத்தை ஆலிமிடமும் கேளுங்கள். ஆலிம்களாகிய நாமோ, கேட்கும்வரை காத்திராமல், கட்டுடன் வருபவரை நாமே அழைத்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

உடல் அமானிதம். அதன் காவல் உடைந்த இடத்தில் மார்க்கம் கருணையோடு இறங்கி வருகிறது. அக்கருணையை மறுப்பது பேணுதலாகாது. விளங்கி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.