அறியாமல் சுமந்தவன்மேல் பழி உண்டோ?



நம்முடைய திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் கரிமூட்டம் பார்க்காதவர்கள் இல்லை. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடுவார்கள். பார்த்தால் சும்மா மண்மேடு. உள்ளே நெருப்பு. லேசாகப் புகைகிறது ஒன்றுதான் அடையாளம். 2020-ல் வந்த கொரோனாவோ அந்தப் புகையும் இல்லாமல் அநேகருக்குள் இருந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஜப்பான் கரையில் ஒரு பயணிகள் கப்பலை நிறுத்தி வைத்து எல்லாரையும் சோதித்தார்கள். பிப்ரவரி 20 வரை தொற்று உறுதியானவர்கள் 634 பேர். அவர்களில் 328 பேருக்குச் சோதித்த நேரத்தில் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஒன்றுமே இல்லை. பின்னால் காய்ச்சல் கண்டவர்களும், அது காண்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்ப முடியும் என்று தெரியவந்தது. நம் தமிழ்நாட்டில் கோயம்பேடு சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மே 5-ல் அதை மூடினார்கள். அதற்குள் மூட்டை தூக்கினவர்களும் வியாபாரிகளும் லாரி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. போனவர்களில் அநேகர் நல்ல சுகத்தோடு, பிள்ளைகளைப் பார்க்கிற ஆசையோடு போனவர்கள்தான். யாரையும் கெடுக்கப் போகவில்லை.

இது புது சங்கதியும் அல்ல. இளம்பிள்ளை வாத வைரஸ் தொற்றின 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் கால் முடங்கும். பெரும்பாலோருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனாலும் பரப்புவார்கள். அதனால்தான் 1995 முதல் ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். "எம்பிள்ள நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?" என்று கேட்ட தாய்மார் எத்தனையோ பேர். நல்லாயிருக்கிற பிள்ளைக்கும் கொடுத்தபடியால்தான் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்தக் காட்டு வைரஸால் ஒரு பிள்ளைக்கும் கால் முடங்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். தெரியாமல் கொடுத்த நோய்க்குப் பழி உண்டா?

வேதம் இதை மாட்டை வைத்துப் பேசுகிறது (யாத். 21:28,29). ஒரு மாடு திடீரென்று முட்டி ஒரு ஆள் செத்துப்போனால், மாட்டுக்காரன்மேல் பழியில்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே அவனுக்குச் சொல்லியிருந்தும் கட்டிப்போடாமல் விட்டானானால், கதையே வேறு. 2020 மார்ச்சில் நாம் முதல் மாட்டுக்காரனைப் போல இருந்தோம். "சுகமாயிருக்கிறவனும் பரப்புவான்" என்று ரேடியோவிலும் டி.வி.யிலும் போனை எடுத்தாலும் சொல்லிவிட்ட பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்கிற பேச்சு நிற்காது. என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதுதான். தெரியாது என்பது தெரியுமே! பவுலும், தன் மனதுக்குத் தெரிந்து தன்னிடத்தில் குற்றமில்லை என்றாலும் அதினாலே தான் நீதிமானாகிவிடவில்லை என்கிற அர்த்தத்தில்தானே எழுதுகிறார் (1 கொரி. 4:4).

சில விசுவாசிகள், "கர்த்தர் என்னைக் காப்பார், எனக்கு முகக்கவசம் எதுக்கு பாஸ்டர்?" என்றார்கள். காப்பார், ஆமென். ஆனால் கேள்வி அது இல்லையே. புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வை என்கிறது உபாகமம் (22:8). வீட்டுக்காரனுக்கு விசுவாசம் குறைவு என்றா அந்தச் சுவர்? அவன் தினமும் ஏறி இறங்குகிறவன், விளிம்பு எங்கே என்று அவனுக்குத் தெரியும். விருந்துக்கு வந்தவன் இருட்டில் விழக்கூடாது, அதற்குத்தான். துணிக் கவசமும் அப்படித்தான், பெரும்பாலும் எதிரில் நிற்கிறவனுக்காக. நம் கரிசல் காட்டில் மூடாமல் கிடக்கிற பாழுங்கிணற்றுக்கும் அதே கணக்குத்தான் (யாத். 21:33,34). தோண்டினவன் கெட்டவனா நல்லவனா என்று வேதம் விசாரிக்கவே இல்லை. மூடினானா என்று மட்டும் கேட்கிறது.

சத்தமாய்ப் பாடித் துதிக்கிற நமக்கு இது இன்னும் நெருங்கின காரியம். 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். ஒருவருக்கு லேசான சளி மட்டும் இருந்தது. 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் மரித்தார்கள். அந்த ஒருவரைக் கொலைகாரன் என்று யார் சொல்லத் துணிவார்?

நரிக்குடிப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். 2020 ஜூனில் சென்னையில் வேலை போய், இ-பாஸ் வாங்கி ஊருக்கு வந்தார். ஒரு தும்மல்கூட இல்லை. எட்டாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல், பதினைந்தாம் நாள் அடக்கம். பிறகு சோதித்ததில் இவருக்கும் தொற்று. "நான்தான் எங்க அம்மாவக் கொன்னேனா பாஸ்டர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அவரால்தான் வந்ததா, ரேஷன் கடை வரிசையில் வந்ததா, எந்த டாக்டராலும் உறுதியாய்ச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு மனமில்லை. அவராலேயே வந்தது என்று வைத்துக்கொள்வோம். "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பது ஆறுதல் அல்ல, ஒரு உயிர் போயிருக்கிறது. எண்ணாகமம் 35-ஐ எடுத்து வாசித்தோம். கைப்பிசகாய் ஒருவனைச் சாகடித்தவனை அந்தச் சட்டம் கொலைகாரன் என்று சொல்லவில்லை. ஒன்றும் நடக்காதது போல வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. அடைக்கலப் பட்டணத்தில் இரு என்கிறது. எதுவரைக்கும்? பிரதான ஆசாரியன் மரிக்கும்வரைக்கும். அவன் மரித்தபின்பு இவன் தன் சொந்த ஊருக்குத் திரும்பலாம், ஒருவரும் கைவைக்கக்கூடாது.

நமக்கு ஒரு பிரதான ஆசாரியர் உண்டே, அவர் மரித்தாயிற்றே என்றேன். சகோதரர் வெகுநேரம் தலை கவிழ்ந்தே இருந்தார். பிறகு, "கிறிஸ்மஸுக்குள்ள ஊருக்குப் போயி வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் பாஸ்டர்" என்றார். அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.