கட்டை செருகியது யார்?

தகட்டை அச்சில் வைத்து வெட்டவும் வளைக்கவும் பயன்படும் பவர் பிரஸ், அம்பத்தூர், கோவை, ஓசூர் வட்டாரப் பட்டறைகளில் அன்றாடம் ஓடும் இயந்திரம். மேலச்சு இறங்கும்போது கை உள்ளே இருந்தால் விரல் மிஞ்சாது. அதற்காகவே பல பிரஸ்களில் இரு கைப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கைகளும் அப்போது வெளியே இருந்தாக வேண்டும். இத்தனை எளிய காவலைத்தான் ஒரு சின்ன மரக்கட்டை தோற்கடித்துவிடுகிறது. ஒரு பொத்தானின் மேல் கட்டையைச் செருகிவிட்டால் அது எப்போதும் அழுந்தியே இருக்கும். ஒரு கை தகட்டை வைத்து எடுக்கும். மறு கை பொத்தானை அழுத்தும். வேலை வேகமாக ஓடும். ஷிப்ட் முடியும் நேரத்து அசதியில் ஒருமுறை கணக்குத் தப்பினால் விரல் போகும். கட்டையைச் செருகியது அந்தத் தொழிலாளியேதான் என்று பிறகு சொல்வார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும்.

தனக்கு வைத்த காவலைத் தொழிலாளி தன் கையாலேயே நீக்கிக்கொண்டால், விளைவுக்கு யார் பொறுப்பு?

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டங்களே இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு, கட்டைவிரல் போனால் 30 சதவீதம் என்று அட்டவணை போட்டு வைத்தது. ஆனால் பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் காயம் நேர்ந்தால், உயிர் போயிருந்தாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டிருந்தாலோ அன்றி, முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்றும் அதே சட்டம் சொன்னது. விரல் போவது பகுதி ஊனம்தான். ஆகவே விலக்கு முதலாளிக்குக் கிடைத்துவிடும். 1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ சட்டம் வேறு வழியில் போனது. விதியை மீறிச் செய்த காரியமே ஆனாலும், அது முதலாளியின் தொழிலுக்காகவும் தொழிலை ஒட்டியும் செய்யப்பட்டிருந்தால் அதைப் பணிவிபத்தாகவே கொள்ள வேண்டும் என்றது அதன் 51பி பிரிவு. ஒரே பிரஸ், ஒரே கட்டை, ஒரே விரல். முதல் சட்டம் தொழிலாளி என்ன செய்தார் என்று பார்த்தது. இரண்டாவது, யாருடைய வேலைக்காகச் செய்தார் என்று பார்த்தது.

முதல் பார்வையை எளிதில் தள்ளிவிட முடியாது. தொழிலாளி விவரம் அறிந்த மனிதர். அச்சு இறங்கினால் என்ன ஆகும் என்பது வேறு எவரையும்விட அவருக்குத் தெரியும். அவருக்குப் பொறுப்பே இல்லை என்று சொல்வது அவரைக் குழந்தையாக்கிவிடும். அவர் செருகிய கட்டை அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவருக்கும் ஆபத்து என்பதை மறக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இயந்திரங்களுக்குக் காப்பு அமைக்கும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது. அந்தக் காப்பை வேண்டுமென்றே கெடுக்கக் கூடாது என்ற கடமையைத் தொழிலாளியின் மேல் வைத்தது. இரண்டும் நியாயமே.

ஆனால் பொறுப்பு இருக்கிறது என்பதால் அது முழுக்க அவருடையது என்று ஆகிவிடாது. பங்கு பிரிக்க மூன்றைப் பார்க்க வேண்டும்: வேகத்தின் பலன் யாருக்கு, கட்டை இருப்பது யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது, மாற்றும் வசதி யாரிடம் இருந்தது.

பலனைப் பார்ப்போம். மணிக்கு இத்தனை ஸ்ட்ரோக் என்று டார்கெட் வைக்கிறார்கள். இரண்டு பொத்தானையும் முறையாக அழுத்தினால் அந்த எண்ணிக்கை எட்டாது என்றால், அந்த டார்கெட்டேதான் கட்டையைச் செருகச் சொல்லும் உத்தரவு. எவரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. காண்ட்ராக்டரிடம் வேலை செய்பவர், நாளைக்கும் வேலை இருக்குமா என்று தெரியாதவர், டார்கெட் குறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்வார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டில் கவனம் சிதறுவதை அவருடைய குணக்கேடு என்று சொல்வது அநியாயம். அந்தச் சிதறலை வேலைநேரப் பட்டியலே உண்டாக்குகிறது.

அடுத்து, தெரிந்திருந்தது யாருக்கு? கட்டை ஒளித்து வைக்கக்கூடிய பொருள் அல்ல. சூப்பர்வைசர் அந்தப் பிரஸ்ஸைக் கடந்துதான் நாள் முழுவதும் நடக்கிறார். விபத்துக்கு முன்பு பல நாள் பார்த்தும் பேசாதவர்கள், விபத்து நடந்ததும் விதியை எடுத்துக் காட்டுவது அறமாகாது. உற்பத்தி கிடைத்தவரை பொறுத்துக்கொண்ட மீறலுக்கு, ரத்தம் வந்த பிறகு மட்டும் தொழிலாளியைத் தண்டிப்பது, ஆதாயத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு நட்டத்தை மட்டும் அவர் தலையில் கட்டுவதாகும்.

மூன்றாவது கேள்விதான் எடை அதிகமானது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் பிறகு இரண்டு பொத்தான்களையும் விட்டு, அரை விநாடிக்குள் இரண்டையும் சேர்த்து அழுத்தினாலன்றி அச்சு இறங்காதபடி மின்சுற்று அமைக்கலாம். அப்படி அமைத்த பிரஸ்ஸில் கட்டை செருகினால் இயந்திரம் நின்றுவிடும். தகடு தானாக வழுக்கி அச்சுக்குள் போகும்படி சரிவு வைக்கலாம். கையை உள்ளே விடும் தேவையே இராது. காந்தக் கைப்பிடியோ இடுக்கியோ கொடுக்கலாம். இவற்றில் எதையும் தொழிலாளி வாங்க முடியாது. வாங்கும்படி உத்தரவு போடவும் முடியாது. அவர் கையில் இருப்பது கவனம் ஒன்றுதான். மனித கவனம் தளரும் என்பது எல்லோரும் அறிந்தது. தளர்ந்தாலும் விரல் தப்பும்படி செய்ய வல்லவர் அதைச் செய்யாமல், எச்சரிக்கைப் பலகை மட்டும் மாட்டுவது கடமையைக் கைமாற்றிவிடும் செயல். அந்தப் பலகையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்க, பிரஸ்ஸில் நிற்பவர் ஒடியா மட்டும் படிப்பவராக இருந்தால் கடமை பெயரளவுக்குக்கூட நிறைவேறவில்லை.

ஆபத்து தெரிந்தும் வேலைக்கு வந்தாரே, அது சம்மதம்தானே என்று கேட்கலாம். பிரிட்டனில் 1891இல் ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் பிரபுக்கள் சபை இதற்கு விடை சொன்னது. தலைக்கு மேலே கிரேன் கற்களைத் தூக்கிச் செல்வது தெரிந்தே பாறையில் துளையிட்டுக்கொண்டிருந்த தொழிலாளி மேல் கல் விழுந்தது. ஆபத்தை அறிந்து வேலையில் தொடர்ந்தார் என்பதால் மட்டும் அதை அவர் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள முடியாது என்று சபை தீர்ப்பளித்தது. வேறு வேலை கிடைக்காதவர் வாய்மூடி இருப்பதைச் சம்மதமாக எழுதிக்கொள்வது அன்றைக்கும் அநீதி, இன்றைக்கும் அநீதி.

சிறு பட்டறைக்காரரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். ஜாப் ஒர்க் விலையைப் பெரிய நிறுவனம் ஒவ்வொரு பைசாவாகக் குறைத்துக்கொண்டே வந்தால், புதிய மின்சுற்றுக்கு அவர் எங்கே போவார்? இந்த வாதம் உண்மையானது. ஆனால் அது பொறுப்பை இல்லாமல் செய்வதில்லை, மேலே நகர்த்துகிறது. வாங்கும் பாகத்தின் அளவை மைக்ரான் கணக்கில் சோதிக்கிற நிறுவனம், அதைச் செய்த பிரஸ்ஸில் கட்டை செருகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளை அனுப்ப முடியாதா? தரத்துக்கு ஆய்வு உண்டு, விரலுக்கு இல்லை என்றால், அந்த விலைக் குறைப்பில் ஒரு பகுதி தொழிலாளியின் உடலிலிருந்து எடுத்தது.

பாதுகாப்பு லாபம் தரும் என்று சொல்லி முதலாளிகளை இணங்கவைப்பது இன்றைய வழக்கம். 1987இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைமையை ஏற்ற பால் ஓ'நீல் தொழிலாளர் பாதுகாப்பையே முதல் இலக்காக அறிவித்தார், நிறுவனமும் வளர்ந்தது. நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் லாபத்தின் மேல் மட்டும் நிற்கும் பாதுகாப்புக்கு லாபம் குறைந்த வருடத்தில் என்ன ஆகும்? 14 சதவீத விரலுக்கான இழப்பீடு மின்சுற்றின் விலையைவிட மலிவு என்று ஒருவர் கணக்குப் போட்டால், லாப வாதத்தில் அவருக்கு மறுமொழி இல்லை. அறம்தான் அங்கே பேச வேண்டும். 2022 ஜூனில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, பாதுகாப்பான, உடல்நலம் கெடாத வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. உரிமை என்றால் வரவு செலவுக் கணக்கில் தேறினாலும் தேறாவிட்டாலும் கொடுக்க வேண்டியது.

விரல் போவது கண்ணுக்குத் தெரியும். காது போவது தெரியாது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது இங்குள்ள வரம்பு. அதையும் தாண்டி இரையும் பிரஸ் வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் கேட்கும் திறன் விபத்துப் பதிவேட்டில் ஏறாமலே குறைகிறது. வாசலில் தொங்கும் 'விபத்தில்லா நாட்கள்' பலகைக்கு அது தெரியாது. அந்தப் பலகைக்குப் பரிசும் போனஸும் கட்டினால், சின்னக் காயங்களை மறைக்கும் பழக்கமும் சேர்ந்தே வளரும். சொல்லாமல் விட்ட கீறல்களுக்குப் பின்னால் பெரிய விபத்து காத்திருக்கும்.

எனவே தொழிலாளிக்கும் ஒரு பங்கு உண்டு: கட்டையைச் செருகாமல் இருப்பதும், செருகியிருப்பதைக் கண்டால் சொல்வதும். ஆனால் அந்தக் கடமையை அவரிடம் கேட்கும் தகுதி நிர்வாகத்துக்குத் தானாக வந்துவிடாது. இரண்டு பொத்தானையும் அழுத்தி எட்டக்கூடிய டார்கெட்டை வைத்து, கட்டைக்கு இடங்கொடாத மின்சுற்றைப் பொருத்தி, ஆபத்து என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்துகிறவரின் கூலியிலும் வேலையிலும் கை வைக்க மாட்டோம் என்பதை நடத்தையில் காட்டிய பிறகே அது வரும். அதுவரை, விபத்து விசாரணை அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறவர், அதற்கு மேல் வரியில் அன்றைய டார்கெட்டையும், தொழிலாளி நின்ற மணி நேரத்தையும், அந்தக் கட்டையைப் பார்த்தும் கடந்துபோன அதிகாரிகளின் பதவிகளையும் எழுதக் கடமைப்பட்டவர்.