மொட்டைக் கொடியின் மாதம்

எந்தத் தேதியில் எந்த ஊரில் தங்குவோம் என்பதை ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பயணத்துக்கு 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். பிரான்சின் பர்கண்டிக்குப் போய்த் திராட்சை அறுவடை பார்க்கலாம் என்று தேதி தேட உட்கார்ந்தால், அந்தத் தேதி தோட்டக்காரருக்கே தெரியாது. வெயிலும் மழையும் பார்த்துக் கடைசி வாரங்களில்தான் முடிவெடுப்பார்.

அங்குள்ள போன் நகரத்தின் அறுவடை நாட்களை 1354 முதல் 2018 வரை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள் முன்னே வந்துவிட்டது. 2003-லும் 2020-லும் ஆகஸ்டிலேயே பறிக்கத் தொடங்கினார்கள். செப்டம்பர் கடைசியை நம்பி டிக்கெட் எடுத்தவருக்கு வெறும் இலைதான் மிச்சம்.

சரியான நாளில் போய் இறங்கினாலும் யார் நம்மிடம் பேசுவார்கள்? க்ளோ த வூஜோ என்ற தோட்டம் சுமார் 50 ஹெக்டேர். அதற்கு 80-க்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள். பலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான். குடும்பமே பறிப்பில் குனிந்து நிற்கும். கல்யாணத்தன்று பெண்ணின் அப்பாவைப் பிடித்து நிறுத்தி ஊர்க்கதை கேட்பது மாதிரிதான் அது. ஓர் ஊர் ஜொலிக்கும் நாளில் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதை அந்த ஊரைப் பார்த்த கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் விண்ணப்பத்தில் பிப்ரவரி என்று எழுதினேன். கவாத்துக் காலம். "மொட்டைக் கொடியைப் பார்க்கவா இவ்வளவு செலவு?" என்றாள் அக்கா. நியாயமான கேள்விதான். ஆனால் வரப்போகும் திராட்சைக்கு முதல் முடிவு அந்தக் குளிரில்தான் எடுக்கப்படுகிறது. கொடியில் ஒரே ஒரு நீண்ட கிளையை விடுவார்கள். பக்கத்தில் இரண்டு மொட்டோடு ஒரு குட்டைக் குச்சி, அடுத்த வருஷத்துக்காக. மற்றதெல்லாம் வெட்டு. வெட்டிய குச்சிகளைப் பழைய டிரம்மில் செய்த தள்ளுவண்டியில் அங்கேயே எரிப்பார்கள். எதை வைத்து எதை வெட்டினீர்கள் என்று ஒருவரிடம் நின்று கேட்க வேண்டும். அதற்கு அவரிடம் நேரம் இருக்க வேண்டும்.

சிறிய தோட்டங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே சுவைக்கத் தரும் ஒயினைத் துப்பவும் பழக வேண்டும். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா என்று அக்கா அதற்கும் கேட்பாள். டிஜோன் நகரத்திலிருந்து போன் நகரத்துக்கு ரயிலில் இருபது நிமிடம் என்பதால் கார் யோசனையை விட்டுவிட்டேன்.

ஜனவரிக் கடைசி வார இறுதியையும் தவிர்த்துவிட்டேன். பர்கண்டியின் திராட்சைத் தோட்டக்காரர்கள் கொண்டாடும், 1938-இல் தொடங்கிய புனித வின்சென்ட் விழா அப்போதுதான், ஆண்டுக்கு ஒரு கிராமத்தில். தேதி உறுதியானது, விசா அதிகாரிக்கும் பிடிக்கும். ஆனால் அதுவும் கல்யாண வீடுதான்.