உப்புக்கு ஒரு நீதி, எண்ணெய்க்கு வேறு நீதியா?

புத்தளம் களப்போரத்து உப்பளங்களில் வெயில் ஏறினால் பாத்தியின் விளிம்பு வெளுக்கத் தொடங்கும். பலகையால் இழுத்துக் குவித்தால் உப்பு. இப்படிக் கண்ணெதிரே விளையும் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இஸ்லாமிய வரலாற்றில் மிகப் பழையது.

அப்யழ் இப்னு ஹம்மால் என்ற நபித்தோழர், யமனின் மஃரிபிலிருந்த உப்பு நிலத்தை நபிகள் நாயகத்திடம் (ஸல்) கேட்டுப் பெற்றார். அது வற்றாத ஊற்றைப் போன்றது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும், கொடுத்தது திரும்பப் பெறப்பட்டது. அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இந்த ஹதீஸ் உண்டு.

1058இல் மறைந்த ஷாபிஈ சட்ட அறிஞர் மாவர்தி கனிமங்களை இரண்டாகப் பிரித்தார். உப்பு, கீல், நெப்தா ஆகியவை வெளிப்படையானவை. எவருக்கும் தனியுரிமை இல்லை. தங்கமும் இரும்பும் மறைவானவை, பாடுபட்டால்தான் கிடைக்கும். அவற்றை ஒருவருக்கு ஒதுக்கலாமா என்பதில் இரு கருத்துகள் இருந்தன.

நெப்தா என்று அவர் காலம் அறிந்திருந்தது பெரும்பாலும் தானாகக் கசிந்த எண்ணெயைத்தான். இன்று ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா நிறுவனம் கன எண்ணெய்க் கிணற்றுக்குள் நீராவியைச் செலுத்தி, ஊறவிட்டு, இளகியதை அதே கிணற்றால் எடுக்கிறது. கனடாவின் அல்பர்ட்டாவில் கிடைமட்டமாக இரண்டு கிணறுகள்: மேலதில் நீராவி இறங்கும், உருகிய எண்ணெய் கீழதில் வடியும். அந்த நீராவிக்காக அங்கே எரிவது பெரும்பாலும் இயற்கை வாயு. ஓர் எரிபொருளைச் செலவழித்து இன்னொன்றை எடுக்கிறார்கள்.

பாடுபட்டவனுக்கே பலன் என்றால் இவ்வளவு பாட்டுக்கு உரிமையும் பெரிதாக வேண்டும். ஆனால் நீராவியாகும் தண்ணீரும், புகை கலக்கும் காற்றும் கம்பனியின் உழைப்பில் விளைந்தவையல்ல.

புத்தளத்துக்கு இது தொலைதூரக் கதையல்ல. நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துத் தண்ணீரை நீராவியாக்கித்தான் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் ஓடுகிறது. வடக்கே மன்னார்ப் படுகையில் 2011இல் கெய்ர்ன் லங்கா தோண்டிய டொராடோ, பரகூடா கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. கன எண்ணெய் அல்ல. கடலடிப் பெற்றோலியம் குடியரசுக்கே உரியது என்கிறது இலங்கைச் சட்டம்.

அரசுடைமை என்பதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. மஃரிப் தீர்ப்பின் கவலை, அடுத்து வருபவர் கைக்கு எட்டாமல் போகக்கூடாது என்பது. உப்பு அடுத்த வெயிலில் மறுபடி விளையும். எடுத்த வாயு விளையாது. அங்கே அடுத்து வருபவர் இன்னும் பிறக்காதவர். நோர்வே 1990இல் சட்டமியற்றி எண்ணெய் வருமானத்தை வருங்காலத்துக்கென நிதியாகச் சேர்க்கிறது. பிறக்காதவரின் பங்கு இப்படிக் காசாக மாறலாம் என்றால், எவ்வளவு, யார் பொறுப்பில் என்பதை அடுத்த அனுமதிப்பத்திரத்துக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.