லேத்துக்கு நாம் பட்ட கடன்

ஆயுத பூஜை அன்று கிள்ளான் பக்கத்துப் பட்டறைகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். வெல்டிங் செட்டுக்கு மாலை, டிரில்லுக்குக் குங்குமம், மூலையில் நிற்கிற பழைய லேத்துக்கு வாழைக்கன்று. அன்று காலை பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். இதை மூடநம்பிக்கை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கு. ஒரு நாள் தெய்வமாகக் கும்பிட்ட அந்த இரும்புக்கு மற்ற நாட்களில் நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? உயிரில்லாத பொருளிடத்தில் தர்மம் என்று ஒன்று உண்டா?

லேத் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புத் தண்டைச் சுழல விட்டு, கூரான டூலால் சீவி உருவம் கொடுக்கிற மிஷின் அது. நம்மவர்களுக்குப் புதிதல்ல. செந்தூல் ரயில்வே பட்டறையில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தார்கள். 1945-ல் அமெரிக்க பி-29 விமானங்கள் குண்டு போட்டு அந்தப் பட்டறையைச் சிதைத்தன. பிறகு அதைச் சீர்செய்து மறுபடி வேலைக்குக் கொண்டு வந்தார்கள்.

இங்கிலாந்தில் செய்த கோல்செஸ்டர், ஹாரிசன் லேத்துகள் ஐம்பது வருஷம் தாண்டியும் ஓடுவதைப் பார்க்கலாம். ரகசியம் ஒன்றுமில்லை, எண்ணெய்தான். ஹெட்ஸ்டாக்கில் மெல்லிய எண்ணெய், கண்ணாடியில் தெரிகிற கோடு வரைக்கும். கேரேஜ் நகர்கிற பெட் தண்டவாளத்துக்குக் கொஞ்சம் கனமான, ஒட்டி நிற்கிற எண்ணெய், 68-ஆம் நம்பர். அதில் கிரீஸ் பூசக்கூடாது. இரும்புத் தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு அரத்தைப் போல அராவிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதும் தப்பு, தூள் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, பிறகு எண்ணெய். நம்ம ஊர் ஈரத்துக்கும் கை வியர்வைக்கும் இரண்டு நாள் விட்டால் போதும், துரு பூத்துவிடும்.

இதைச் செய்யாவிட்டால் யாருக்குப் பாவம்? இரும்புக்கு வலிக்காது. ஆனால் பெட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. அதிகம் வேலை நடக்கிற சக் பக்கத்தில்தான் குழி விழும். அங்கே கேரேஜ் இறங்கும், டூல் விலகும், நேராக வர வேண்டிய தண்டு ஒரு முனையில் பருத்து வரும். சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. அதை "சரியா இருக்குண்ணே" என்று கையில் கொடுத்தால் அது பொய். வாங்கிப் போனவருடைய பம்பில் பேரிங் அடிபடும்போதுதான் பொய் வெளியே வரும். அதனால் பராமரிப்பை நான் சத்தியத்தின் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

ஒரு சிக்கல் இருக்கு. எண்ணெய் விடப் பத்து நிமிஷம் வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சம்பளம் கொடுக்க மனசில்லாத முதலாளிகள் உண்டு. "பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்" என்று அவர்களே கீதையை எடுத்து நீட்டுவதும் உண்டு! கீதையின் மூன்றாம் அத்தியாயத்தை முழுசாகப் படித்தால், ஒருவரையொருவர் பேணுகிற ஒரு சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறது. வாங்குகிறவன் திருப்பியும் கொடுக்க வேண்டும். மிஷினால் வருமானம் யாருக்குப் போகிறதோ அவருக்கும் அந்த எண்ணெயில் பங்கு உண்டு. வேலை செய்பவன் தலையில் மட்டும் தர்மத்தைக் கட்டுவது நியாயமில்லை. அதே சமயம், முதலாளி கொடுக்கவில்லை என்று லேத்தைக் காய விடுகிற தம்பிகளையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு அதில் நிற்கப் போகிறவன் முதலாளி அல்ல, நம்மைப் போல இன்னொரு பையன்.

பூஜைக்கே வருகிறேன். பல பட்டறைகளில் மிஷினை முழுசாக நிறுத்தி, அடித்தட்டு வரைக்கும் கழுவுகிற ஒரே நாள் அதுதான். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் சந்தனத்தில் தண்ணீர் இருக்கு, திருநீறு பொடி. பெட் மேல் பூசினால் ஒன்று துரு பிடிக்க வைக்கும், மற்றது தேய்க்கும். பொட்டை ஹெட்ஸ்டாக் மூடியில் வைங்க. மறுநாள் காலையில் பூவையெல்லாம் எடுத்துத் துடைச்சிட்டு, எண்ணெய் விட்டு, கேரேஜைக் கையால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை ஓட்டின பிறகு சுவிட்சைப் போடுங்க.